பச்சையா, உலர்ந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிறுநீரகக் கல் குறித்த சென்ற இதழ்க் கட்டுரையோடு கீரைகளின் ஆக்சாலேட் (கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகக்கூடிய பொருள்) அட்டவணை ஒன்றை வெளியிட்டிருந்தீர்கள். அந்த எண்கள் பச்சைக் கீரைக்கா, உலர்த்திப் பொடித்த கீரைக்கா என்று எங்கும் சொல்லப்படவில்லை. பாலக்கீரையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். உலர் எடைக்குக் கணக்கிட்டால் அதே கீரையின் எண் ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும்! என் அக்காவுக்குக் கல் வந்தபோது இப்படி ஒரு பட்டியலை யாரோ கொடுத்தார்கள். அதை நம்பி மூன்று வருடம் அவர் எந்தக் கீரையையும் தொடவில்லை.

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் நான். கீரையை அரைத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கினால் மொத்த ஆக்சாலேட்டும் இறங்கும். வெந்நீரில் என்றால் கரையும் பகுதி மட்டுமே. இறங்கிய ஆக்சாலேட்டைக் கால்சியம் குளோரைடால் வெள்ளை வீழ்படிவாக்கி (கரையாமல் அடியில் படியும் பொடியாக்கி), நன்றாகக் கழுவி, நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, சூடு ஆறுவதற்குள் ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவாகிறது என்று தரம்பார்ப்போம். முதல் துளிகளின் நிறம் சட்டென்று மறையாது. முடிந்துவிட்டது என்று நினைத்து மாணவர்கள் பியூரெட்டை (சொட்டுவிடும் அளவுக் குழாயை) மூடிவிடுவார்கள். குடுவையைச் சுழற்றியபடி பொறுத்திருந்தால் நிறம் மெல்லக் கலையும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அடுத்த துளிகளை விரைவாக்கும். இறுதியில் இளஞ்சிவப்பு அரை நிமிடமாவது நிலைக்க வேண்டும். வீழ்படிவை ஒழுங்காகக் கழுவாவிட்டால் ஒட்டியிருக்கும் குளோரைடும் பெர்மாங்கனேட்டைச் செலவழித்து எண்ணை ஏற்றிவிடும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த எண்ணையும் ஆக்சாலிக் அமிலமாக எழுதினால் ஓர் அளவு, கால்சியம் ஆக்சாலேட்டாக எழுதினால் அதைப்போல் 1.4 மடங்கு. கல் உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கரையும் ஆக்சாலேட்டை. குடல் எளிதில் உறிஞ்சுவது அதைத்தான். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் கணிசமாக வெளியேறுவதும் அதுதான். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் மொத்தம், கரைவது இரண்டும் தனித்தனியே இருக்கின்றன.

அடுத்த இதழில் அந்த அட்டவணையை எடை வகை, அலகு, கரையும் அளவு ஆகியவற்றோடு மீண்டும் வெளியிடுங்கள். பழைய பக்கத்தைக் கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டியவர்கள் இருப்பார்கள். அவர்கள் கண்ணில் படும்படி பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
கும்பகோணம்.