இரியோமொத்தே தீவில் எமக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

யப்பானின் தென்கோடியில், ஒக்கினாவா மாகாணத்தைச் சேர்ந்த இரியோமொத்தே தீவுக்கு எழுபது வயதைக் கடந்த என் அம்மாவும் நானும் கடந்த மார்கழியில் போய்த் திரும்பினோம். ஏறத்தாழ 90 வீதம் காடு மூடிய அத்தீவில் விமான நிலையம் இல்லை. இஷிகாக்கித் தீவிலிருந்து படகேறித்தான் போகவேண்டும்.

நாங்கள் புறப்பட்ட காலை வாடைக்காற்றுக் கடுமையாக வீசியதால், தீவின் வடக்கிலுள்ள உயேஹாராத் துறைக்குப் படகுகள் ஓடவில்லை. பாஷை தெரியாமல் நின்ற எங்களைக் கண்டு எழுந்து வந்த பயணச்சீட்டுப் பெண்மணி, தெற்கே ஓஹாராவுக்குப் போகும் படகில் இடம் பிடித்துத் தந்ததோடு, அங்கிருந்து பேருந்தில் வடக்கே போகும் வழியையும் தாளில் வரைந்து கொடுத்தார். காற்றெழும்பினால் கடல் மறிக்கும் என்பது நெடுந்தீவில் பிறந்த அம்மாவுக்குப் புதிதல்ல. மறித்த கடலைச் சுற்றிப்போக முன்பின் அறியாத ஒருவர் வழிசெய்ததைத்தான் வீட்டுக்கு வருவோரிடமெல்லாம் இன்றும் சொல்கிறார்.

திருவெம்பாவைக் காலமாகையால் அம்மா மச்சம் தொடவில்லை. கொழும்பில் யப்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் அதையும் மருந்து விபரங்களையும் எழுதித் தந்த அட்டையை வாசித்த விடுதி அம்மையார், மீன் சேராமல் கடற்பாசி அவித்த நீரிலேயே மூன்று நாளும் சூப் வைத்தார். அவருடைய கணவர் இரவில் எங்களை ஏற்றிவரும்போது வாகனத்தை மிக மெதுவாக ஓட்டினார். உலகில் இத்தீவில் மட்டுமே வாழும், ஏறக்குறைய நூறே எஞ்சியுள்ள காட்டுப்பூனைகள் வீதியைக் கடக்கும் நேரம் அது. நாங்கள் ஒன்றையும் காணவில்லை. அந்தக் கவனத்தைக் கண்டதே எமக்குப் பெரிது.

நக்கமா ஆற்றுப் படகோட்டியை எப்படி மறப்பது? வழுக்கும் இறங்குதுறையில் அம்மாவின் இரு கைகளையும் பற்றி இறக்கி, சுவர்போல் எழுந்து வளைந்தோடும் பலகை வேர்களுடைய முதுமரத்தடிக்கு அடியடியாக நடத்திச் சென்றார். திரும்பும் வழியில், மரத்திலேயே முளைவிட்டு நீரில் விழுந்த முருங்கைக்காய் போன்ற கண்டல் நாற்றொன்றை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டு, மறுபடி சேற்றிலேயே ஊன்றினார். பனையும் கல்வேலியும் பார்த்து வளர்ந்த அம்மா, நெடுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. இம்மடலை யப்பானிய மொழியில் பெயர்த்துத் தரவும் அதே ஆசிரியை இசைந்துள்ளார். அதனோடு அம்மா தம் கையால் பொதிசெய்த பனங்கட்டியும் உங்களிடம் வந்துசேரும்.

நன்றியுடன்,
அம்மாவும் மகளும்
வெள்ளவத்தை, கொழும்பு 06