உன் அம்மாவுக்கு நான் என்ன சொல்ல?

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தங்கை குழந்தையோடு வந்து தங்கிவிட்டுப் போனாள். பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். இந்த வருடம் மழை ஏமாற்றவில்லை, தோட்டத்துக் கிணறு மேல்படி வரை நிறைந்திருக்கிறது. தோட்டத்தைப் பற்றி எழுத வேண்டியது இருக்கிறது. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

உலக முடிவு எப்போது என்று கணக்குப் போட்டுக் காட்டும், நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். அம்புக்குறிகள், மிருகங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஆண்டு. அப்பா தூங்கிய பிறகு திரும்பத் திரும்பப் பார்த்தேன். வேத அறிவில் நீ சிறுவயதிலேயே கெட்டிக்காரன். ஓய்வுநாள் பாடசாலைத் தேர்வில் திருமண்டலத்திலேயே முதலாவதாக வந்தவன். அந்தப் பிள்ளையின் தாய் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் அதே பிள்ளைக்கு வசனம் அனுப்ப நேரம் இருக்கிறது, அம்மாவிடம் பேச நேரம் இல்லை என்றால் அதை எங்கே போய்ச் சொல்வது? படத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. வகுப்பில் காலமெல்லாம் நடத்திய சரித்திரப் பாடத்தை வைத்து நானே சொல்கிறேன்.

இதைப் போன்ற படங்களை நான் முன்பே பார்த்திருக்கிறேன். தெற்கு இத்தாலியில், கலாப்ரியா நாட்டில், யோவாக்கிம் என்று ஒரு மடாதிபதி இருந்தார். 1135 வாக்கில் பிறந்து 1202-இல் மறைந்தவர். சீலா மலைக்காட்டில் ஃபியோரே என்ற இடத்தில் மடம் கட்டினார்; 1196-இல் போப் மூன்றாம் செலஸ்தீன் அவருடைய துறவற சபைக்கு அங்கீகாரம் கொடுத்தார். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பரிகசிக்கப் போகிறேன் என்று நினைத்து நீ கடிதத்தை மடித்து வைத்துவிடக் கூடாது. வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் புரியாமல் தவித்து, ஓர் ஈஸ்டர் இரவில் அதன் பொருள் தனக்குத் திறந்தது என்று கண்ணீரோடு எழுதிய மனிதர் அவர். மூன்று வளையங்கள் ஒன்றோடொன்று கோத்த திரித்துவப் படம், கிளை விட்ட மரங்கள், ஏழு தலை வலுசர்ப்பம் என்று அவர் பெயரால் ஒரு படத் தொகுப்பே உண்டு. பிதாவின் காலம் முடிந்தது, குமாரனின் காலம் முடியப் போகிறது, ஆவியானவரின் காலம் வரப்போகிறது, அதில் சபை சமாதானத்தில் இளைப்பாறும் என்பது அவர் நம்பிக்கை. அழகான நம்பிக்கை. இன்றும் படிக்கும்போது மனம் உருகுகிறது.

கணக்கு எப்படி வந்தது தெரியுமா? மத்தேயு முதல் அதிகாரத்தில் ஆபிரகாம் முதல் கிறிஸ்து வரை தலைமுறை நாற்பத்திரண்டு. கிறிஸ்துவுக்குப் பிறகும் அதே நாற்பத்திரண்டு, தலைமுறைக்கு முப்பது ஆண்டு. பெருக்கினால் 1260. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஸ்திரீ வனாந்தரத்தில் போஷிக்கப்பட்ட நாட்களும் ஆயிரத்திருநூற்று அறுபதுதான். எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பார். பொருந்துவதுதான் பயமாக இருக்கிறது. யோவாக்கிமே ஆண்டைக் குறித்து ஆணியடித்துச் சொல்லத் தயங்கினார். அடித்தது அவருக்குப் பின்னால் வந்தவர்கள்.

1190-91 குளிர்காலத்தில் மெசினா துறைமுகத்தில், எருசலேமை மீட்கச் சிலுவைப் போருக்குப் புறப்பட்டிருந்த இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டு அவரை அழைத்துப் பேசினார் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஹவ்டன் ஊர் ரோஜர் எழுதி வைத்திருக்கிறார். வலுசர்ப்பத்தின் ஆறாவது தலை எருசலேமைப் பிடித்த சுல்தான் சலாதீன், அவன் சீக்கிரம் விழுவான், ஏழாவதான அந்திக்கிறிஸ்து, கடைசிக் காலத்தில் கிறிஸ்துவுக்கு எதிராக எழும்புகிறவன், ஏற்கெனவே பிறந்துவிட்டான் என்று யோவாக்கிம் சொன்னாராம். சலாதீன் 1193-இல் டமாஸ்கஸில் நோயுற்று இறந்தார். எருசலேம் ரிச்சர்டின் கைக்கு வரவில்லை.

நீ அனுப்பிய வீடியோவில் பேசுகிறவர் மருத்துவர் என்றும், கேட்கிறவர்கள் எல்லாரும் படித்தவர்கள் என்றும் எழுதியிருந்தாய். அதனால்தான் சலிம்பேனேயைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். 1221-இல் பார்மா நகரத்தில் பிறந்த பிரான்சிஸ்கன் துறவி. முதுமையில் தன் காலத்து நிகழ்ச்சிகளை ஒரு பெரிய நாளாகமமாக எழுதினார். பார்மாவில் கன்னியாஸ்திரீயாக இருந்த அண்ணன் மகளும் படிக்கட்டும் என்று எழுதியது. இளமையில் அவரும் யோவாக்கிமின் கணக்கை முழுதாக நம்பியவர். பிரான்சில் இயேர் என்ற ஊரில் டீஞ் ஊர் ஹியூ என்ற துறவியின் அறையில் பண்டிகை நாட்களில் கூட்டம் சேரும் என்கிறார். சேர்ந்தது யார் யார்? நீதிபதிகள், பத்திரம் எழுதுபவர்கள், மருத்துவர்கள், கற்றவர்கள். பீசா நகர மடத்தில் ருடால்ஃப் என்று ஒரு விரிவுரையாளர், தர்க்கத்தில் புலி. யோவாக்கிமின் நூல்கள் அங்கே வந்து சேர்ந்தன, படித்தார், தன் இறையியல் படிப்பையே விட்டுவிட்டு அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாகிவிட்டார். படித்தவனுக்குக் கணக்கு போடத் தெரிவதால் அவன் இன்னும் எளிதாக மாட்டிக்கொள்கிறான். மகனே, அலுவலகத்துக்குப் போகிறாயா? மருமகளிடம் கேட்டால் ‘போகிறார்’ என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றுகிறாள்.

அந்தக் கூட்டத்துக்குப் பரிசுத்த ரோமப் பேரரசன் இரண்டாம் ஃபிரெடரிக்தான் அந்திக்கிறிஸ்து. 1260-இல் அவன் முழு உருவெடுக்க வேண்டும். அவனோ 1250 டிசம்பர் 13 அன்று இறந்துவிட்டான். சலிம்பேனே நம்பவில்லை. போப் நான்காம் இன்னொசென்ட் ஃபெராரா நகரத்தில் மக்கள் முன் அதை அறிவித்ததைத் தன் காதால் கேட்ட பிறகுதான் நம்பினார். அவருடைய நண்பர் ஜெரார்டோவுக்கு அதுவும் போதவில்லை. யோவாக்கிமின் நூல்களே நித்திய சுவிசேஷம் என்று 1254-இல் பாரீசில் எழுதினார்; அடுத்த ஆண்டே போப்பின் விசாரணைக் குழு அதைக் கண்டித்தது. அதற்குப் பிறகு மொடேனா மடத்தில் இருவரும் ஒரு திராட்சைக் கொடியின் கீழ் உட்கார்ந்து பேசினார்கள். அந்திக்கிறிஸ்து யார் என்று கேட்டால், இப்போது ஸ்பெயினில் கஸ்தீலியாவின் அரசன் என்கிறார் ஜெரார்டோ. செத்தவனுக்குப் பதில் உயிரோடிருக்கும் இன்னொருவன். கடைசி வரை மாறாமல் சிறையிலேயே செத்தார். கிறிஸ்தவ அடக்கம்கூடக் கிடைக்கவில்லை. 1260 வந்தது, போனது. அந்தப் போதனையை முற்றிலும் கைவிட்டேன், இனி கண்ணால் காணாததை நம்புவதில்லை என்று சலிம்பேனே எழுதினார்.

அந்த ஆண்டில் நல்லதும் நடந்தது, அதை மறைக்க மாட்டேன். பெருஜியாவில் தொடங்கி ஊர் ஊராக மக்கள் சாட்டையால் தங்களையே அடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். தலைமுறைப் பகையாளிகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். முடிவு வருகிறது என்ற பயம் உன்னை உன் சித்தப்பாவோடு சமாதானம் ஆக்கியிருந்தால் நான் முழங்காலில் நின்று நன்றி சொல்லியிருப்பேன். ஆக்கவில்லையே. இருந்த உறவையும் அல்லவா அறுத்துக்கொண்டு போகிறது?

அதே ஆண்டு, அதே பார்மாவில் செகரெல்லி என்று ஓர் இளைஞன். தன் சிறிய வீட்டை விற்றான். அந்தப் பணத்தோடு நகர நீதிபதி நின்று பேசும் கல்லின் மேல் ஏறி நின்றான். ஏழைகளுக்குக் கொடுக்கவில்லை. பக்கத்தில் சூதாடிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வீசினான். அவர்கள் பொறுக்கிக்கொண்டு போய் அவன் காதுபடவே தேவனைத் தூஷித்துச் சூதாடினார்கள். அவன் பின்னால் பெரிய கூட்டம் சேர்ந்தது. 1300-இல் அவனை எரித்தார்கள். எரித்தவர்கள் செய்தது மகா பாவம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டை விற்ற அன்று அவன் பக்கத்தில் நின்று பொறு என்று சொல்ல ஒருவர் இருந்தாரா என்று எனக்குத் தெரிய வேண்டும். பொறு, மகனே. எதிலும் கையெழுத்துப் போடாதே.

சலிம்பேனே துறவியானது 1238-இல். அவருடைய தகப்பன் கீதோ அதே பேரரசன் ஃபிரெடரிக்கிடம் முறையிட்டு, கடிதம் வாங்கி, குதிரை வீரர்களோடு ஃபானோ நகரத்து மடத்துக்கு வந்தார். என்னோடு வா, என்னுடையதெல்லாம் உனக்குத்தான் என்று கெஞ்சினார். மகன் வசனத்தைச் சொன்னான்: தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல. ஓயாமல் அழுதுகொண்டிருக்கும் உன் அம்மாவுக்கு நான் என்ன சொல்ல என்று தகப்பன் கேட்டார். அதற்கும் வசனம்தான்: என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும் கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார். தகப்பன் தரையில் விழுந்து மகனை ஆயிரம் பிசாசுகளுக்கு ஒப்புக்கொடுத்துச் சபித்துவிட்டுப் போனார். அந்தத் துக்கம் அவரோடு சாகும்வரை இருந்தது.

உன் தங்கை கேட்ட கேள்விக்கு நீ எழுதிய பதிலில் இருந்தது அதே இருபத்தேழாம் சங்கீதம். பத்தாம் வசனம். நான் பார்த்தேன். உன்னை யார் கைவிட்டது?

அழுதுகொண்டிருந்த அந்தத் தாயைப் பற்றி இன்னொன்றும் சலிம்பேனே எழுதுகிறார். 1222 கிறிஸ்துமஸ் அன்று பெரிய பூமியதிர்ச்சி. வீட்டுக்குப் பக்கத்திலே பார்மாவின் ஞானஸ்நான மண்டபம், வானளாவ நிற்கிற கட்டடம். அது தலையில் விழுந்துவிடும் என்று பயந்து தாய் இரண்டு பெண்களையும் பக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு தன் தாய்வீட்டுக்கு ஓடினாள். மகனைத் தொட்டிலில் விட்டுவிட்டாள். அதனால் எனக்கு அவள்மேல் அவ்வளவாகப் பாசம் இல்லை என்று கிழவரான பிறகு எழுதுகிறார்! பெண்கள் வளர்ந்தவர்கள், தூக்கிக்கொண்டு ஓட எளிது என்று அவள் சொன்ன காரணத்தையும் எழுதத்தான் எழுதுகிறார். பூமி அதிரும்போது இரண்டு கையில் மூன்று பிள்ளைகளை எப்படித் தூக்குவது? அவள் பக்கத்து நியாயத்தை யாரும் எழுதவில்லை.

நான் கீதோவைப் போல் சபிக்க மாட்டேன். வசனத்துக்கு எதிர் வசனம் சொல்லி மல்லுக்கட்டவும் மாட்டேன். ஆண்டவர் வருவார் என்று நீ நம்புவதைப் போலத்தான் நானும் நம்புகிறேன். ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் எழுந்து நின்று சொல்கிறேன். காலங்களை அறிவது உங்களுக்கடுத்ததல்ல என்று ஆண்டவர் சொன்னது, கணக்குப் போடுகிறவர்கள் எல்லாருடைய விரல்களையும் தளர்த்தி ஓய்ந்திருக்கச் செய்கிறது என்று பழைய திருச்சபைப் போதகர் அகுஸ்தீனார் எழுதினார். அது யோவாக்கிமுக்கும் ஏழு நூற்றாண்டு முன்பு. நீ விரலைத் தளர்த்து. வேலையை விடாதே. கையெழுத்துப் போடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

இனி தோட்டம். விற்றுத் தரச் சொல்லி நீ தங்கையிடம் கேட்டதாக அவள் சொல்லவில்லை. அவள் முகத்தில் தெரிந்தது, நான் விடாமல் கேட்டேன். அவளைக் கோபிக்காதே. உன் பங்கு உன்னுடையதுதான். ஆனால் போனிலோ மற்றவர் வழியாகவோ அது நடக்காது. நீ வர வேண்டும். அப்பாவுக்கும் எனக்கும் முன்னால் உட்கார்ந்து, பணம் யார் கைக்குப் போகிறது என்று சொல்ல வேண்டும். அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டும்.

பேத்திக்கு அடுத்த ஆண்டுப் பள்ளிக் கட்டணம் இன்னும் கட்டவில்லை என்று கேள்விப்பட்டேன். என் ஓய்வூதியத்திலிருந்து மருமகளின் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். அதைத் திருப்பி அனுப்பாதே. அது உனக்குக் கொடுத்த பணம் அல்ல. ரசீது வந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்.

இப்படிக்கு,
அம்மா