பிளேட்டோ வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி இந்த ஆண்டு கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவை மட்டும் எடுத்துக்கொண்டோம். 'தற்காப்புரை', 'மெனோ', 'குடியரசு' நூலின் முதல் நான்கு பகுதிகள், 'தியேட்டிட்டஸ்', கடைசியாக 'ஃபீடோ' என்ற வரிசையில் வாசிப்பு நடந்தது. 'குடியரசு' 5 முதல் 10 வரை பாக்கி நிற்கிறது. ஆகவே 7ஆம் பகுதியில் வரும், சுவரில் விழும் நிழலையே நிஜமென்று நம்பும் கைதிகளைப் பற்றிய குகை உவமை இந்த ஆண்டுக் கணக்கில் இல்லை. அதை மட்டும் தனியே எடுத்து ஒரு மாலை பேசலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. 6ஆம் பகுதியின் சூரிய உவமையையும் கோட்டு உவமையையும் தாண்டாமல் குகைக்குள் போனால் படக்கதைதான் மிஞ்சும்.

முதலில் பக்க எண் விவகாரம். ஆளுக்கொரு பதிப்பு வைத்திருப்பதால் "என் புத்தகத்தில் அந்தப் பக்கம் வேறு" என்றே கூட்டத்தின் முதல் கால்மணி நேரம் கரைந்தது. 1578இல் ஜெனீவாவில் ஸ்டெஃபானஸ் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட கிரேக்கப் பதிப்பின் எண்களைத்தான் இன்றும் எல்லா மொழிக்காரர்களும் பின்பற்றுகிறார்கள். பக்க எண்ணும், அதற்குள் ஐந்து எழுத்துப் பிரிவுகளும் ஓரத்தில் இருக்கும். எண்ணை மட்டும் சொன்னால் போதாது. ஒவ்வொரு தொகுதியிலும் எண் புதிதாகத் தொடங்குகிறது: 17ஆம் பக்கம் என்றால் 'தற்காப்புரை'யின் தொடக்கமாகவும் இருக்கலாம், 'திமேயஸ்' தொடக்கமாகவும் இருக்கலாம். நூற்பெயரும் சேர்த்தே குறியுங்கள். இந்த அறிக்கையில் நான் தரும் பக்க எண்களும் இவையே. ஓரத்தில் இந்த எண் இல்லாத மலிவுப் பதிப்புகளை வாங்க வேண்டாம்.

'தற்காப்புரை'யில் வாக்குக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தோம். கி.மு. 399இல் ஏதென்ஸில் பிளேட்டோவின் ஆசான் சாக்ரடீஸ் மீது நடந்த வழக்கு. முப்பது வாக்கு மாறியிருந்தால் விடுதலையாகியிருப்பேன் என்கிறார் சாக்ரடீஸ் (36). நடுவர்கள் 501 பேர் என்று கொண்டால் 280க்கு 221 என்று வரும்; முப்பது பேர் இடம் மாறினால் 250க்கு 251. நடுவர்கள் 500 என்று வைத்தாலும் 280க்கு 220. மாறினால் சரிபாதி, அப்போதும் விடுதலைதான்.

"சின்ன அபராதம் போட்டு விட்டிருக்கலாமே" என்ற கேள்வி தவறாமல் எழுந்தது. அந்த வகை வழக்கில் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. குற்றம் உறுதியான பின் வழக்குத் தொடுத்தவர் ஒரு தண்டனை சொல்வார், குற்றவாளி ஒன்று சொல்வார்; இரண்டில் ஒன்றைத்தான் நடுவர்கள் எடுக்க முடியும், நடுவில் ஒன்றை அவர்களாக வகுக்க முடியாது. வழக்குத் தொடுத்த மெலிட்டஸ் தரப்பு கேட்டது மரணம். சாக்ரடீஸ் முதலில் நகர மன்றத்தில் அரசுச் செலவில் சாப்பாடு என்றார், பிறகு ஒரு மினா என்றார், பிளேட்டோ உள்ளிட்ட நண்பர்கள் பிணை நிற்க முப்பது மினா என்று முடித்தார். ஒரு மினா நூறு திராக்மா. தேர்ந்த கைவினைஞரின் ஒரு நாள் கூலி ஏறக்குறைய ஒரு திராக்மா. ஆக, கடைசித் தொகை சுமார் மூவாயிரம் நாள் கூலி. கேலிக்குச் சொன்ன தொகை என்று ஒதுக்க முடியாது.

இரண்டு பிழைகளைப் பதிவுக்காகக் குறிக்கிறேன். ஏதென்ஸ் அகோராவில் (பொதுச் சந்தைவெளியில்) கிடைத்த, பேச்சு நேரத்தை அளக்கும் மண்ணாலான நீர்க்கடிகாரம் சுமார் 6.4 லிட்டர் பிடிக்கும், ஆறு நிமிடத்தில் வடியும். சாக்ரடீஸின் குலப்பிரிவான ஆன்டியோக்கிஸின் பெயர் வேறு அதில் இருக்கிறது. இதை வைத்து அவருக்கு ஆறே நிமிடம் கொடுத்தார்கள் என்று சுற்றறிக்கையில் வந்தது தவறு. இப்படிப்பட்ட பொது வழக்குக்கு முழுநாளையும் அளந்து பிரித்தார்கள். ஒரே நாளில் முடிக்கச் சொல்கிறீர்களே என்பதுதான் அவர் குறை (37). அடுத்து, நம் மேடைகளில் சாக்ரடீஸ் வாயில் வைத்தே பழகிவிட்ட "உன்னையே நீ அறிவாய்" டெல்பி கோயிலில் பொறித்திருந்த வாசகம். அவர் அதை எடுத்தாண்டார், அவ்வளவே.

'மெனோ'வில் அடிமைச் சிறுவன் பகுதியை (82 முதல் 85 வரை) கரும்பலகையில் செய்தே பார்க்க வேண்டும். இரண்டு அடிப் பக்கமுள்ள சதுரம், பரப்பு 4. இரு மடங்குப் பரப்புக்குப் பக்கம் எவ்வளவு? நான்கு அடி என்கிறான் சிறுவன், வரைந்தால் 16. மூன்று அடி என்கிறான், 9 வருகிறது. இங்கே அவன் "தெரியவில்லை" என்கிறான். நடத்துபவர்கள் சறுக்குவதும் இங்கேதான்: அவசரப்பட்டு மூலைவிட்டத்தைப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் திகைப்புக்கு இடம் கொடுக்காவிட்டால் இந்தப் பகுதி வெறும் கணக்குப் பாடம். திகைப்புக்குப் பிறகே நான்கு சதுரங்களை ஒட்டி வரைந்து, ஒவ்வொன்றையும் மூலைவிட்டத்தால் பாதியாக்குங்கள். உள்ளே சாய்ந்து நிற்கும் சதுரத்தில் நான்கு பாதிகள், ஒவ்வொன்றும் 2, மொத்தம் 8. அந்தப் பக்கத்தின் நீளம் முழு எண்ணாகவோ பின்னமாகவோ வராது. அதனால்தான் எண்ணிச் சொல்ல முடியாவிட்டால் எந்தக் கோடு என்று காட்டு என்கிறார் சாக்ரடீஸ். முடிவில்கூடச் சிறுவனுக்கு அறிவு வந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. கனவு போல எழுந்த கருத்து, பலமுறை பல விதமாகக் கேட்டால்தான் அறிவாகும் என்கிறார்.

ஆண்டு முழுக்க இழுத்த சண்டை 'அரெட்டே' என்ற கிரேக்கச் சொல்லை எப்படித் தமிழில் போடுவது என்பதற்கு. 'அறம்' என்று போட்டுப் படித்தவர்கள் 'குடியரசு' 353இல் முட்டிக்கொண்டார்கள். அங்கே கண்ணுக்கும் காதுக்கும் கொடி கழிக்கும் கத்திக்கும் அரெட்டே உண்டு. கத்திக்கு ஏது அறம்? தன் வேலையைச் செவ்வனே செய்ய வைக்கும் சிறப்பு என்று வைத்தால் கத்தியும் பொருந்தும், மனிதனும் பொருந்துவான். நீதி உயிரின் சிறப்பு என்று, எதிர்வாதம் செய்யும் திராசிமாக்கஸிடம் சாக்ரடீஸ் வைக்கும் வாதமும் புரியும். இனி முதல் முறை வரும்போது 'சிறப்பு' என்று எழுதி, அருகில் கிரேக்கச் சொல்லையும் தமிழ் எழுத்தில் தருவது என்று தீர்மானித்திருக்கிறோம்.

நான்காம் பகுதியில் நீதி என்பது அவரவர் தம் வேலையைப் பார்ப்பது என்று வந்தவுடன் "இது வருணம்தானே" என்ற குரல் எழுந்தது. நியாயமான சந்தேகம். 415ஐப் படிக்காமல் தீர்க்க முடியாது: மனிதர்களுக்குள் பொன், வெள்ளி, வெண்கலம் கலந்திருக்கிறது என்பது அங்கே வரும் கதை; பொன் பெற்றோருக்கு வெண்கலப் பிள்ளை பிறந்தால் இரக்கமின்றிக் கீழே அனுப்ப வேண்டும், கீழே பொன் பிறந்தால் மேலே ஏற்ற வேண்டும் என்கிறது அது. பிறப்பு அங்கே முடிவான அளவுகோல் ஆகவில்லை. ஆனால் யார் பொன் என்று முடிவு செய்பவர்கள் ஆட்சியாளர்களே, அதுவும் சாக்ரடீஸே பொய்க்கதை என்று ஒப்புக்கொள்ளும் ஒன்றின் பேரில். சந்தேகம் பாதிதான் தீர்ந்தது. அதை அப்படியே பதிவு செய்கிறேன்.

'தியேட்டிட்டஸ்' பற்றி ஒரு பத்தி போதும். அறிவு என்பது புலனுணர்வு, சரியான கருத்து, விளக்கத்தோடு கூடிய சரியான கருத்து என்று மூன்று வரையறைகள், மூன்றும் விழுகின்றன. நேரில் பார்த்தவனுக்கே தெரியக்கூடிய திருட்டைப் பற்றி, பேச்சைக் கேட்டு மட்டும் சரியாகத் தீர்ப்பளித்த நடுவர் உதாரணம் (201) இரண்டாவதை வீழ்த்துகிறது. 'தற்காப்புரை'யோடு சேர்த்துப் படித்தவர்களுக்கு அது சுருக்கென்று தைத்தது.

'ஃபீடோ'வில் பலர் நஞ்சுக் கோப்பைக் காட்சியை (115 முதல் 118 வரை) படித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு முன்னால் ஐம்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள், பெரும்பாலும் உயிர் அழியாது என்ற வாதம். கடினமான இடம் சாக்ரடீஸின் நண்பர் சிமியாஸின் மறுப்பு: உயிர் என்பது யாழின் 'ஹார்மோனியா' போல, யாழ் உடைந்தால் அதுவும் போகும். இதை 'இன்னிசை' என்று மொழிபெயர்த்தால் மறுப்பும் புரியாது, பதிலும் புரியாது. சுருதி சேர்ந்த நிலை என்று சொன்னதும் சங்கீதம் தெரிந்த உறுப்பினர்கள் பதிலைத் தாங்களாகவே பாதி சொல்லிவிட்டார்கள்: சுருதி கூடக் குறையச் சேரும், உயிரில் கூடக் குறைய இல்லை, சுருதி தந்தியை எதிர்க்காது, உயிரோ தாகமெடுத்த உடலைக் குடிக்காதே என்று தடுக்கிறது. இன்னொரு நண்பர் கெபீஸின் நெசவாளி உவமைக்கு இப்படி எளிய பதில் கிடையாது. பல ஆடைகளை நெய்து உடுத்திக் கிழித்த கிழவன் கடைசி ஆடைக்கு முன்பே இறந்துபோகலாம், உயிரும் அப்படியே பல உடல்களுக்குப் பிறகு அழியலாம் என்கிறார் கெபீஸ். அதற்குச் சாக்ரடீஸ் நீண்ட நேரம் மௌனமாக யோசித்துவிட்டுத்தான் தொடங்குகிறார் (95). அந்தப் பதிலை நம் வட்டம் முழுதாக ஏற்கவில்லை.

வரும் ஆண்டுக்கு 'குடியரசு' 5 முதல் 7 வரையிலும், அரிஸ்டாட்டிலின் 'நிக்கோமாக்கிய அறவியல்' 2ஆம், 5ஆம் பகுதிகளும் பரிந்துரைக்கப்படுகின்றன. இரண்டாம் பகுதிக்கு வருபவர்கள் மைலோ உதாரணத்தை முன்கூட்டியே படித்து வரவும்: பத்து மினா (இங்கே எடை அளவு) உணவு அதிகம், இரண்டு குறைவு என்பதால் பயிற்சியாளர் ஆறு என்று சொல்லிவிடமாட்டார்; மல்லன் மைலோவுக்கு ஆறு போதாது, பயிற்சியைப் புதிதாகத் தொடங்குபவனுக்கு அது அதிகம்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே வைக்கிறார். இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்