பாட்டின் பொருளுக்கு மதிப்பெண் போட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போட்டிக் குழுவினருக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ஊட்டியில் நீங்கள் நடத்திய பள்ளி மாணவர் பேச்சுப் போட்டியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மேடையிலேயே நடந்ததால் அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எனவே முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை.

சினிமாப் பாட்டு வேண்டாம், சுயாதீனப் பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் பொருளை ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று தலைப்புக் கொடுத்திருந்தீர்கள். அதைப் படித்ததும் மனதார மகிழ்ந்தேன். எங்கள் பிள்ளைகள் நாள் முழுக்க இந்தப் பாட்டுகளைத்தான் கேட்கிறார்கள். அதைப் பற்றிப் பேசச் சொல்லி யாரும் கேட்டதில்லை. என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ‘என்ஜாய் எஞ்சாமி’யைத் தேர்ந்தெடுத்தாள். போட்டி முடிந்து அவள் கையில் வந்த மதிப்பெண் தாளில் ‘பொருள்’ என்ற இடத்தில் 40க்கு 6. பக்கத்தில் சிவப்பு மையில், ‘தவறான பொருள். சொந்தக் கதை.’

என் கோரிக்கையை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் குறிப்பை நீக்குங்கள். பரிசு கேட்கவில்லை. பரிசு வாங்கிய மாணவன் நன்றாகப் பேசினான், அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ‘தவறான பொருள்’ என்ற அந்த இரண்டு சொற்களைத்தான் எடுக்கச் சொல்கிறேன்.

அவள் என்ன சொன்னாள்? ‘தோட்டம் செழித்தாலும் என் தொண்டை நனையலையே’ என்ற வரியைப் பிடித்துக்கொண்டாள். தோட்டம் என்றால் உங்களுக்கும் எனக்கும் வீட்டுப் பின்பக்கம் நாலு செடி. அவளுடைய அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம், வேறு பொருளே கிடையாது. இலங்கை மலையகத்தில் ஒருவரைப் பார்த்தால் ‘எந்த ஊர்?’ என்று கேட்பதில்லை, ‘எந்தத் தோட்டம்?’ என்றுதான் கேட்பார்கள். அம்மாயி பதுளைப் பக்கத்தில் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து, பதினாலு வயதில் கூடை கட்டி, 1974இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, நீலகிரிக்கு அனுப்பப்பட்டு இங்கேயும் கொழுந்து பறித்தவர். நல்ல தூள் எல்லாம் பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போகும், பறித்தவர்களுக்குக் கடைசித் தூசியில் ஒரு சாயத் தண்ணி. தோட்டம் செழித்தது, தொண்டை நனையவில்லை. அவர் காதில் அந்த வரி இப்படித்தான் விழுந்திருக்கிறது. இதில் என்ன தவறு?

அடுத்து, ‘நான் அஞ்சு மரம் வளர்த்தேன்’ என்ற வரியில் வரும் அந்த ‘அஞ்சு மரம்’. லயத்துக்குப் பின்னால் அம்மாயி வளர்த்தவை பலா ஒன்று, கொய்யா இரண்டு, நாரத்தை ஒன்று, முருங்கை ஒன்று. மாணவி மேடையில் தன் அம்மாயி செய்வதுபோலவே விரலை மடக்கி மடக்கி எண்ணிக் காட்டினாள். பலா முதல் காய் விட்ட வருஷம்தான் போகச் சொல்லிக் காகிதம் வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது உங்கள் நடுவர்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து, “அஞ்சு மரம்னா அஞ்சு மரம்தாம்மா. இது மரம் வளர்க்கச் சொல்ற பாட்டு. அம்மாயி கதையெல்லாம் வீட்டுல வச்சுக்க” என்றார். அரங்கில் சிரித்தார்கள். அவள் மடக்கிய விரலை விரிக்காமலே நின்றாள். மீதி இரண்டு நிமிடம் அவள் பேசவில்லை.

நடுவரின் பொருளை நான் மறுக்கவில்லை. நாய்க்கும் நரிக்கும் பூனைக்கும்கூட ஏரி குளம் சொந்தம் என்று சொல்கிற பாட்டு அது. இயற்கையைப் பற்றியது என்று ஒருவர் கேட்டால் அவர் காதில் குறை இல்லை. என் வகுப்பிலேயே ஒரு பையனுக்கு அந்த இடம் வந்தால் தன் ஊர் வாழைத் தோப்புக்குள் இறங்கும் யானைதான் ஞாபகம் வருகிறது. ‘அதுக்கும் சொந்தம்தான், ஆனா எங்கப்பா வாழைக்கு யாரு காசு குடுப்பா டீச்சர்?’ என்று கேட்டான். அதுவும் அந்தப் பாட்டுக்கு ஒரு பொருள்தான்.

பாட்டை எழுதிய கவிஞர் அறிவு ‘அஞ்சு மரம்’ என்று எழுதியபோது பதுளைப் பக்கத்து ஒரு லயத்தையும் ஒரு பலா மரத்தையும் நினைத்திருக்க மாட்டார். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ‘கவிஞர் இதை நினைத்துத்தான் எழுதினார்’ என்று அவள் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. ‘எங்க அம்மாயிக்கு இப்படிக் கேக்குது’ என்றாள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிறது. நடுவர்களுக்குப் புரியாமல் போனதுதான் எனக்கு வருத்தம். சரி, கவிஞர் நினைத்தது மட்டும்தான் பொருள் என்று வைத்துக்கொண்டால்கூட உங்கள் 6 நிற்காது. 2021 மார்ச்சில் பாட்டு வெளியானதிலிருந்தே, தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து வந்தது இது, தன் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பியவர்கள் என்று அறிவு வெளிப்படையாகச் சொல்லிவருகிறார். அந்தப் பாட்டி வீடியோவிலும் இருக்கிறார்.

தமிழில் பொருள் சொல்வது புதிதும் அல்ல. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர். மணக்குடவர் ஒன்று சொல்வார், பரிமேலழகர் அதை மறுத்து வேறு சொல்வார். யாருக்கும் யாரும் சிவப்பு மையில் எழுதவில்லை. அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். வகுப்பில் இதை நடத்தும்போது பிள்ளைகளிடம் சொல்வேன், ‘பெயர் இல்லாததால்தான் அந்த இடத்தில் உன் அக்காவையும் வைத்துப் பார்க்க முடிகிறது’ என்று. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் உங்கள் மேடைக்கு வந்தாள்.

அன்று அம்மாயியும் வந்திருந்தார். பேத்தி தன் கதையைப் பேசப் போகிறாள் என்று, விசேஷத்துக்கு மட்டும் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, விடியும் முன்னே எங்களோடு பஸ் ஏறினார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பு அவருக்கும் கேட்டது. திரும்பும்போது நடுவட்டம் தாண்டும் வரை மூவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் அவர் பேத்தியின் கையைப் பிடித்து, “நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டனா தாயி?” என்று கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கும் பதில் வரவில்லை. இருபது வருஷமாகத் தமிழ் நடத்துகிறேன், அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

நீங்கள் சிரித்து ஒதுக்கியது ஒரு கிழவியின் கதையை மட்டும் அல்ல. 1948இல் இலங்கையில் மலையகத் தமிழர்களின் குடியுரிமை பறிபோனது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். ஒரே வீட்டில் அண்ணன் இங்கே, தங்கை அங்கே. அவர்களை ஏற்றிக்கொண்டு மலையை விட்டு இறங்கிய ரயிலுக்கு அந்த மக்கள் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’; கோச்சி என்றால் அவர்கள் பேச்சில் ரயில். அதில் ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த மாவட்டம் முழுக்க, உங்கள் போட்டிக்கு வந்த பள்ளிகளிலும்தான் படிக்கிறார்கள். கூடலூரில் இன்றும் அவர்களுக்குப் பெயர் ‘சிலோன்காரங்க’. இங்கே ஐம்பது வருஷம் இருந்தும் பெயர் மாறவில்லை. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு பாடப்பட்ட பிறகு, அது யாருடையது என்று ஊரே விவாதித்தது. பாடியவர் யார், இசையமைத்தவர் யார், எழுதியவர் யார் என்று வாரக்கணக்கில் பேசினோம். அதைக் கேட்டு ‘இது என் கதை’ என்று ஒருத்தி எழுந்து நின்றபோது, வீட்டில் வைத்துக்கொள் என்கிறோம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். நீங்கள் சம்பளம் வாங்காமல் விடுமுறை நாளில் வந்து நடுவராக உட்கார்ந்தவர்கள். அந்த உழைப்புக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் மறுபடியும் கேட்கிறேன்: அந்தக் குறிப்பை நீக்கி, தாளைத் திருத்தி அனுப்புங்கள். அடுத்த ஆண்டு இதே தலைப்பைக் கட்டாயம் வையுங்கள். ஆனால் ‘பொருள்’ என்ற இடத்தில், பிள்ளை பாட்டின் எந்தச் சொல்லைக் காட்டித் தன் பொருளைச் சொல்கிறது என்று பாருங்கள். சொல்லைக் காட்டாமல் வெறுமனே கதை சொன்னால் குறையுங்கள், நானே ஒப்புக்கொள்வேன். இவள் காட்டினாள்: தோட்டம், தொண்டை, அஞ்சு மரம்.

இன்னும் ஒன்று, முடிந்தால். அம்மாயிக்கு ஒரு வரி எழுதுங்கள், அவர் சொல்லிக் கொடுத்தது தப்பில்லை என்று. பள்ளி முகவரிக்கே அனுப்பலாம், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டி வாசிப்பார். கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
கூடலூர்