நடுவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் நடுவர்கள் ஓரவஞ்சனை செய்வதாகப் பெற்றோர் சொல்லும் புகார்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால் நேர்மையானவர்களை நடுவராகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கட்டுரை முடித்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. உடற்கல்வி ஆசிரியராக இருந்து, பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டி முதல் மாவட்டப் போட்டி வரை கபடி ஆட்டங்களுக்கு விசில் ஊதியவன் நான். ஓரவஞ்சனை செய்தவர்களில் பெரும்பாலானோர் நேர்மையானவர்கள்தான்.

கபடியில் ஒருவன் எதிரணியின் பக்கம் பாடிப் போகும் ஒரு ரெய்டு 30 விநாடி. தகராறு வருவது அதில் ஒரு நொடியில். பாடிப் போகும் ரெய்டர், எதிரணிப் பக்கத்தில் கூடுதல் புள்ளிக்காகப் போட்டிருக்கும் போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை வைக்கிறான். அந்த நேரம் பின்கால் தரையை விட்டு எழுந்திருந்தால் புள்ளி, பெருவிரல் மண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தால் கிடையாது. குறுக்கே இரண்டு பேர் ஓடுகிறார்கள், புழுதி கிளம்புகிறது. நடுவர் பார்ப்பது பாதிதான், மீதியை மனம் நிரப்பிக்கொள்கிறது. அந்தப் பையனை ஆறாம் வகுப்பிலிருந்து விடியற்காலையில் மைதானத்துக்கு வரவழைத்துப் பழக்கியவரே நடுவராக நின்றால், அந்த மீதியை எதை வைத்து நிரப்புவார்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அவர் பொய் சொல்லவில்லை. கால் எழுந்ததாகவே அவர் கண்ணுக்குத் தெரிகிறது. சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவார்.

இது என் ஊகம் இல்லை. 1951 நவம்பரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் அணிகள் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்று மிக முரட்டுத்தனமாக நடந்தது. பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரர் டிக் கஸ்மையரின் மூக்கு உடைந்தது, டார்ட்மவுத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. யார் மேல் தப்பு என்று இரு வளாகங்களிலும் பெரிய சண்டை. ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு பக்க மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களைக் குறித்துத் தரச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த மீறல்கள் சராசரியாக நான்கைந்துதான் என்று அந்தக் கல்லூரி மாணவர்கள் எண்ணியிருந்தார்கள். பிரின்ஸ்டன் மாணவர்களின் கணக்கு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஒரே படம், நிதானமாக உட்கார்ந்து பார்த்தது. அதிலேயே இவ்வளவு வித்தியாசம்!

சரி, அவர்கள் மாணவர்கள், பயிற்சி பெற்ற நடுவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள் என்று சொல்லலாம். விளையாட்டு ஆய்வாளர் ஆலன் நெவில் குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். தகுதி பெற்ற 40 கால்பந்து நடுவர்களுக்கு லிவர்பூல், லெஸ்டர் சிட்டி அணிகள் ஆடிய ஆட்டத்தின் பதிவைக் காட்டினார்கள். சிலருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தம் இல்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகச் சொன்ன ஃபவுல்கள் 15.5 சதவீதம் குறைவு. வந்த அணியை அவர்கள் கூடுதலாகத் தண்டித்துவிடவில்லை. உள்ளூர் அணி தப்பு செய்தபோது விசில் வாய்க்குப் போகத் தயங்கியது, அவ்வளவுதான். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஊதிய விசிலை எதிர்த்து முறையிடலாம். ஊதாத விசிலை எதிர்த்து ஒரு எட்டாம் வகுப்புப் பையன் யாரிடம் போய் என்ன சொல்வான்?

கிரிக்கெட் உலகம் இதைப் புரிந்துகொண்டு ஏற்பாட்டையே மாற்றியது. 1986-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான லாகூர் டெஸ்டுக்குப் பாகிஸ்தான் இந்திய நடுவர்கள் இருவரை அழைத்தது. 1994-லிருந்து ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு நடுநிலை நாட்டு நடுவர், 2002-லிருந்து மைதானத்தில் நிற்கும் இரண்டு பேருமே. கொரோனா காலத்தில் பயணத் தடையால் உள்ளூர் நடுவர்களை நிறுத்த வேண்டி வந்தபோது, நடுவர் முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் ரிவ்யூ வாய்ப்பில் அணிகளுக்கு ஒன்றைக் கூட்டிக் கொடுத்தார்கள். இப்படி ஏற்பாடு செய்வது உள்ளூர் நடுவர்களை அயோக்கியர் என்று சொல்வதாகாது.

நம் குறுவட்டப் போட்டிகளிலோ போட்டியை நடத்தும் பள்ளியின் ஆசிரியரே தன் பள்ளி ஆடும் ஆட்டத்துக்கு நடுவராக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் அவருடைய மாணவர்கள், சக ஆசிரியர்கள், பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியர். கேட்டால், "வேற ஆள் இல்ல சார்" என்பார்கள். குறுவட்டத்தில் தோற்றவன் மாவட்டத்துக்குப் போக முடியாது. மாவட்டச் சான்றிதழ் இல்லாதவனுக்கு அப்புறம் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட் கனவுதான். கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் கபடிக்கு அதிகம் வருகிறார்கள் என்பதையும் பள்ளிக் கல்வித் துறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். பக்கத்துக் குறுவட்டங்கள் நடுவர்களை மாற்றிக்கொள்ளட்டும். பயணப்படியை முறையாகக் கொடுத்தால் ஆள் வருவார்கள். அது முடியாத இடத்தில், தன் பள்ளி ஆடும் ஆட்டத்துக்கு அந்தப் பள்ளி ஆசிரியர் நடுவராக இருக்கக் கூடாது என்ற ஒரு விதியாவது கட்டாயம் வேண்டும். இரு பக்கமும் போனஸ் கோட்டுக்கு நேராக ஒரு செல்போனை ஸ்டாண்டில் நிறுத்திப் பதிவு செய்து, ஆட்டத்தின் ஒவ்வொரு பாதியிலும் ஒரு முறை அணித்தலைவன் மறுபரிசீலனை கேட்கலாம் என்று வைக்கலாம். பார்வையாளர்களை எல்லைக் கோட்டிலிருந்து பத்தடியாவது தள்ளி நிறுத்த ஒரு கயிறு போதும். அடுத்த கல்வியாண்டின் போட்டி அட்டவணையோடு சேர்த்தே இவற்றை அறிவிக்கும்படி துறை அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.