2024-25 ஆண்டறிக்கை: பத்து மணிக்கு மைக்கை அணைத்த பிறகு

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, பொருளாளர் அண்ணன், சங்கத்தின் மூத்த கலைஞர்கள், உறுப்பினர்கள், அவர்களோடு வந்திருக்கும் குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம். குன்னூரில் இயங்கும் நம் மெல்லிசைக் கலைஞர் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அஞ்சலி. தபேலா மேதை ஜாகிர் உசேன் 2024 டிசம்பர் 15 அன்று மறைந்தார். பாடகர் பி. ஜெயச்சந்திரன் 2025 ஜனவரி 9 அன்று மறைந்தார். ஜெயச்சந்திரன் பாடிய பாட்டு ஒன்றாவது இல்லாமல் நாம் முடித்த கச்சேரி எனக்கு நினைவில் இல்லை. எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் தனியே வாசிப்பார். கோடையைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல நினைக்கிறேன். நம் ஆண்டின் முக்கால்வாசி வேலை அந்த இரண்டு மாதத்தில்தான் நடந்தது. நம்மில் பலர் ஒருவரையொருவர் சரியாகத் தெரிந்துகொண்டதும் அப்போதுதான்.

ஏப்ரல் மந்தமாகத்தான் தொடங்கியது. நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு 19ஆம் தேதி. அழைத்தவர்கள் பலரும் "தேர்தல் முடியட்டும், அப்புறம் வெச்சுக்கலாம்" என்று தேதியைத் தள்ளிவிட்டார்கள். தள்ளிய தேதி எல்லாம் மே மாதத்தில் வந்து குவிந்தது. ஊட்டியில் மலர்க் கண்காட்சி, இங்கே சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று விருந்தினர் கூட்டம் வேறு. விடுதிகளில் மாலைக் கச்சேரி, எஸ்டேட்டில் பிறந்தநாள், நீலகிரிப் படகர் சமூகத்தாரின் ஊர்களான ஹட்டிகளில் கல்யாண வரவேற்பு என ஒரே நாளில் இரண்டு மேடை ஏறிய நாட்களும் உண்டு. 1874இல் அமைந்த சிம்ஸ் பூங்காவுக்கு அது 150ஆவது ஆண்டு. பூங்காவைச் சுற்றியிருக்கும் தெருக்களில் ஸ்பீக்கர் பெட்டியோடு ஏறி இறங்கியவர்களுக்கு அந்தக் கூட்டம் எப்படி இருந்தது என்று தெரியும்.

மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மலைக்கு வரும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. விருந்தினர் வராமல் போய்விடுவார்களோ என்று நமக்கு ஒரு வாரம் பயம் இருந்தது. நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 கொண்ட நம்முடைய வண்டிகளுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் நம் டிரம்ஸ் தம்பி மேட்டுப்பாளையத்திலிருந்தும் பேஸ் கிட்டார் அண்ணன் கோவையிலிருந்தும் வருபவர்கள். ஒரு கச்சேரியைக்கூட அவர்கள் தவறவிடவில்லை. ஒவ்வொரு முறையும் பதிவு செய்து, பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறி, சவுண்ட் செக் தொடங்குவதற்கு முன்னால் வந்து நின்றார்கள். அவர்கள் இருவருக்கும் இந்தச் சபையின் நன்றி.

அந்தக் கோடையின் வானிலையையும் பதிவு செய்ய வேண்டும். ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே வெயில் 29 டிகிரியைத் தொட்டது. மே மாதத்தின் மூன்றாவது வாரத்தில் நேர்மாறாகக் கனமழை. இது வாத்தியம் வாசிப்பவர்களை என்ன பாடு படுத்தும் என்பது மேடைக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சொன்னால்தான் புரியும். மதியம் மூன்று மணி வெயிலில் புல்வெளியில் மேடை போட்டு ஸ்ருதி சேர்த்தால், இரவு எட்டு மணிக் குளிரில் கிட்டாரின் எஃகுக் கம்பி இறுகி ஸ்ருதி ஏறிவிடும். புல்லாங்குழலில் அதே குளிரில் ஸ்ருதி இறங்கும். பத்து டிகிரி குறைந்தாலே காதுக்குத் தெளிவாகத் தெரியும் அளவுக்கு இறங்கிவிடும். ஈரத்தில் தபேலாவின் தோல் தளர்ந்து தனி வழியில் போகும். ஆளாளுக்கு ஒரு திசை.

இதனால் மே முதல் வாரத்தில் குழல் வாசிக்கும் அண்ணனுக்கும் கிட்டார் தம்பிக்கும் மேடையிலேயே மனத்தாங்கல் வந்தது. ஒரு கச்சேரி முடிந்து இருவரும் பேசாமல் பெட்டியைக் கட்டினார்கள். அன்று இரவு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், கடையை அடைக்கவிருந்த டீக்கடைக்காரர் நமக்காக அடுப்பை அணைக்காமல் வைத்திருந்தார். சூடான டீ, வர்க்கி. இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தோம். அரை மணி நேரம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்புறம் கீபோர்டு வாசிக்கும் தங்கைதான் சொன்னாள்: "குழலை ஏத்த முடியாது, அண்ணா. மத்த எல்லாரும் இறங்கி வரலாமே." கீபோர்டின் டியூனிங்கை வழக்கமான 440 ஹெர்ட்ஸிலிருந்து அவள் குறைத்துக்கொள்வது, கம்பி வாத்தியங்கள் அதற்குச் சேர்ந்துகொள்வது, தபேலாக் கட்டைகளைக் கடைசியாகத் தட்டிச் சரிசெய்வது, எல்லோரும் வாத்தியங்களை மேடையிலேயே அரை மணி நேரம் குளிரில் பழகவிட்ட பிறகுதான் ஸ்ருதி சேர்ப்பது என்று அந்தப் பெஞ்சிலேயே முடிவானது. இப்போது சங்கத்தின் எல்லாக் குழுக்களும் இதைத்தான் பின்பற்றுகின்றன. ஒத்திகை அறையில் இதைப் பேசியிருந்தால் அன்று சண்டைதான் வந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு முதல் இருக்கும் விதி. கேட்பவர்கள் இன்னும் ஒரு பாட்டு, இன்னும் ஒரு பாட்டு என்று கெஞ்சினாலும் நாம் இந்த ஆண்டு ஒரு மேடையிலும் அதை மீறவில்லை. பத்தடித்தால் மைக் அணையும். ஆனால் பத்து மணிக்குக் கலைஞனுக்குத் தூக்கம் வராது. கையும் காதும் இன்னும் மேடையில்தான் இருக்கும்.

இங்கே அந்த மே மூன்றாவது வார இரவை நான் சொல்லியாக வேண்டும். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் கல்யாண வரவேற்பு. படகப் பாட்டு நான்கு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். நம் பாடகி அக்கா இரண்டு வாரம் அந்த ஊர்ப் பெண் ஒருவரிடம் உச்சரிப்புக் கேட்டுப் பயின்று வந்திருந்தார். அவர் பாடத் தொடங்கியதும் முன்வரிசைப் பாட்டிகள் எழுந்துவிட்டார்கள். பத்து மணிக்கு நாம் மைக்கை அணைத்தோம். அவர்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. கைத்தட்டலையும் வாய்ப்பாட்டையும் வைத்தே வட்டமாக ஆடினார்கள். கொஞ்ச நேரத்தில் நம் டோலக் அண்ணனை இழுத்து நடுவில் உட்கார வைத்தார்கள். முன்பெல்லாம் இப்படிப்பட்ட வட்டத்துக்கு நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்கள் வந்து 'கொள்' என்ற ஊதுகுழலை ஊதுவார்கள் என்று ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மெதுவான அடி எங்கே விழுகிறது என்று டோலக் அண்ணனுக்குப் பிடிபடப் பத்து நிமிடம் ஆனது. பிடிபட்ட பிறகு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டு வயிறு நிறைய அனுப்பினார்கள்.

திரும்பும் வழியில் மழை. குன்னூர்ச் சாலையில் ஒரு பெரிய மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. முன்னாலும் போக முடியாது, இருட்டில் பின்னால் திரும்புவதும் ஆபத்து. கரடி நடமாட்டம் வேறு உள்ள இடம். வேனுக்குள் ஒன்பது பேர், மடியில் வாத்தியங்கள். விடிய ஐந்து மணி நேரம். பேஸ் அண்ணன் தன் அப்பா நாதஸ்வரக்காரராக இருந்து வாத்தியத்தை விற்ற கதையை அன்றுதான் சொன்னார். பதினோரு வருடம் அவரோடு வாசிக்கிறேன், எனக்கு அது தெரியாது. அதன்பின் யாரோ முணுமுணுக்க, வேனுக்குள் வாத்தியமே இல்லாமல் விடியும் வரை பாடினோம். காலையில் மரத்தை அறுத்து வழி திறந்தார்கள்.

ஆனால் அதே வாரத்தில் இன்னொரு குழுவின் இரண்டு உறுப்பினர்கள் இரவு பதினொன்றரைக்கு இருசக்கர வண்டியில் வந்து, பனிமூட்டத்தில் காட்டெருமைக்கு முன்னால் பிரேக் போட்டு விழுந்தார்கள். ஒருவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கிட்டார் வாசிப்பவரின் மணிக்கட்டு. மூன்று மாதம் அவருக்கு மேடை இல்லை. உறுப்பினர்கள் சேர்ந்து கொடுத்த தொகையைப் பொருளாளர் அறிக்கையில் காணலாம். இதையடுத்து ஜூன் மாதச் செயற்குழு எடுத்த முடிவு: இரவுக் கச்சேரிக்கு யாரும் இருசக்கர வண்டியில் போகக் கூடாது. குழு முழுதும் ஒரே வேன், மலைச்சாலை பழகிய ஓட்டுநர், பெண் உறுப்பினர்களை முதலில் வீட்டு வாசலில் இறக்கிவிடுவது. வேன் வாடகையும் இரவுச் சாப்பாட்டுக் காசும் அட்வான்ஸ் வாங்கும்போதே கணக்கில் சேர வேண்டும்.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். ஒரு விடுதியில் மூன்று நாள் வாசித்த குழுவுக்குப் பாக்கித் தொகை இன்னும் வரவில்லை. எழுத்தில் எதுவும் வாங்காததே காரணம். இனி தேதி, நேரம், தொகை எழுதிய ஒரு தாளில் இரு பக்கமும் கையெழுத்து இல்லாமல் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

கோடைக்குப் பிந்தைய மாதங்கள் வழக்கம்போல் போயின. எஸ்.பி. பாலசுப்ரமணியம் அவர்களின் நினைவு நாளான செப்டம்பர் 25 அன்று நினைவுக் கச்சேரி நடத்தினோம். வடகிழக்குப் பருவமழையில் ஒத்திகை அறையின் கூரை ஒழுகி, தகரம் மாற்றினோம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாடல் குழுக்களோடு சில மேடைகள். ஜனவரி உறைபனியில் கச்சேரி அதிகம் இல்லை. புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அதில் நான்கு பேர் இருபது வயதுக்குட்பட்டவர்கள்.

அந்தப் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்டார்கள். கரோக்கி ட்ராக் போட்டால் இரண்டு பேர் போதும், செலவும் குறைவு, நாம் எதற்கு ஒன்பது பேர் போக வேண்டும்? நியாயமான கேள்வி. விருந்து நடத்துபவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை அடுத்த கச்சேரிக்கு வேனில் கூட்டிப்போக ஏற்பாடு செய்திருக்கிறேன். வாசிக்க வேண்டாம், பெட்டி தூக்கட்டும், திரும்பி வரும்போது எங்களோடு டீ குடிக்கட்டும்.

இந்தக் கூட்டத்தின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். மே மாதத்தில் செவ்வாய்க்கிழமை எந்தக் குழுவும் மேடை ஏற்காமல், எல்லோரும் ஒத்திகை அறையில் கூடிச் சமைத்துச் சாப்பிடுவது. வரும் கோடைக்கான வேன் முன்பணத்துக்குச் சங்க நிதியிலிருந்து தொகை ஒதுக்குவது. பேருந்து நிலையத்து டீக்கடை அண்ணனும் இன்று வந்திருக்கிறார். நம் வருகைப் பதிவேட்டில் அவர் பெயரையும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்