அம்மாவின் எழுபதுக்கு வந்து நின்றவர்களுக்கு

பழையபேட்டைத் தெருக்காரர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம். அன்றைக்குப் பேசிய பேச்சில் அம்மாவுக்கு இன்னும் தொண்டை கட்டியிருக்கிறது. அதனால் நான் எழுதுகிறேன்.

அம்மா பிறந்த தேதி வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கிருஷ்ணகிரி அணை வேலை நடந்துகொண்டிருந்தது, மாங்காய்க் காலம் என்று பாட்டி சொன்னது மட்டும்தான் கணக்கு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட ஜூன் 1 தான் ஆதாரிலும் நிற்கிறது. 2025இல் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் துணிந்து இறங்கிவிட்டோம்.

வருகிறவர்களை எண்ணிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. 88 வயதுப் பெரியப்பா ஒரு பக்கம், தவழ்கிற குழந்தைகள் இரண்டு இன்னொரு பக்கம், நடுவில் செல்போனை விட்டுத் தலை நிமிராத பிளஸ் டூ கூட்டம். நான் பாட்டுக்குப் பலகார லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்காதான், "சாப்பாடு கெடக்கட்டும், மொதல்ல நேரத்தைச் சொல்லு" என்றார். மாத்திரை போடுகிறவர்கள் ஏழரைக்குள் சாப்பிட்டாக வேண்டும். எட்டு மணிக்கு மேல் குழந்தைகள் தூக்கத்துக்கு அழும். ஆக, நாலுக்கு ஆரம்பம், ஐந்துக்குக் கேக், ஏழுக்கு இலை. அக்கா போட்ட அந்தக் கணக்கில்தான் எல்லாம் நடந்தது. முதல் நன்றி அவருக்கு.

வாடகை நாற்காலியில் சொன்னது ஒன்று, வந்தது ஒன்று. அத்தனையும் கை இல்லாதவை. பெரியவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள், எதை ஊன்றி எழுந்திருப்பார்கள்? பிளஸ் டூ பையன்கள் வீடு வீடாகப் போய்க் கை வைத்த நாற்காலி பதினான்கு தூக்கி வந்தீர்கள். பலூன் வெடித்தால் கைக்குழந்தையும் பெரியப்பாவும் சேர்ந்து திடுக்கிடுவார்கள் என்று காகிதத் தோரணம் கட்டியதும் நீங்கள்தான். தலை நிமிராத கூட்டம் என்று மேலே எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சமையல் அண்ணன் பெரியவர்களுக்குக் கை கொள்ளாத களி உருண்டையும், பிள்ளைகளுக்கு எலுமிச்சை அளவு உருண்டையும் பிடித்து வைத்திருந்தார். தொட்டுக்கொள்ளக் காரசாரமாகக் கோழிக்குழம்பு, காரம் ஆகாதவர்களுக்குக் கீரைக் கடைசல். பெங்களூரிலிருந்து வந்த தங்கை மகள், பத்து வயது, களியை மென்று மென்று பார்த்து விழித்தாள். பெரியப்பா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு துண்டு கிள்ளி, நடுவில் கட்டைவிரலால் குழித்து, குழம்பில் புரட்டி, "பல்லு படக் கூடாது கண்ணு, அப்படியே முழுங்கு" என்று காட்டினார். நாலைந்து வாய் தள்ளாடி, அப்புறம் பிடிபட்டுவிட்டது. உடனே மற்ற பிள்ளைகளுக்கு அவள் வாத்தியார். நான் காசு கொடுத்து வாங்கி வைத்த விளையாட்டுச் சாமான் பை பிரிக்கப்படவே இல்லை.

மண்டிக்கார மாமா இரண்டு கூடை மாம்பழம் அனுப்பியிருந்தார். பெங்களூராவைக் கீறி உப்பு மிளகாய்த்தூள் தூவியது பிள்ளைகளுக்கு, செந்தூராவைப் பிழிந்தது பல் இல்லாதவர்களுக்கு. சர்க்கரை உள்ளவர்கள் எந்த வரிசையில் நின்றார்கள் என்று நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

அப்புறம், ஒரு அலுமினிய அன்னக்கூடை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அடியில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பொட்டு இருக்கிறது. யாருடையதோ, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது அம்மாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம், கை வைத்த நாற்காலியும் இரண்டு இன்னும் இங்கேதான் கிடக்கிறது.

அன்புடன்,
மூத்த மகள்